வெள்ளைத்துணியில் ஒரு கொசு

காலனி அதிகாரிகள் ரசித்துச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் கொசுவைப் பற்றிப் படம் காட்டுகிறார்கள். திரையில் கொசு யானை கணக்காக நிற்கிறது. படம் முடிந்ததும் ஊர்ப்பெரியவர் எழுந்து, "எங்க ஊர்ல இவ்ளோ பெரிய கொசு இல்லீங்க, எங்களுக்குப் பயமில்ல" என்றாராம். சொல்பவரைப் பொறுத்து ஊர் மாறும், சில நேரம் கொசு ஈயாகிவிடும். இத்தனை ஊரிலும் ஒரே பெரியவர் எழுந்து நின்றிருக்க முடியாது. படம் காட்டியவர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்ட கதை என்றே நினைக்கிறேன்.

இதற்குக் கோட்பாடும் இருந்தது. 1939ல் பிரிட்டன் தொடங்கிய காலனியத் திரைப்படப் பிரிவை நடத்தியவர் வில்லியம் செல்லர்ஸ். அதற்கு முன் நைஜீரியாவில் சுகாதாரப் படங்கள் காட்டியவர். ஆப்பிரிக்கர்களுக்குக் கேமரா வித்தைகள் புரியாது, காட்சிகள் நீளமாக, மெதுவாக ஓடவேண்டும் என்பது அவர் கட்சி.

மலாயாவுக்குத் தனிப் பிரிவு, மலாயன் பிலிம் யூனிட், 1946ல் வந்தது. பின்னாளில் பிலெம் நெகாரா என்று பெயர் மாறியது இதுதான். தகவல் இலாகா வேன்கள் ஜெனரேட்டரையும் புரொஜெக்டரையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போயின. லயத்துச் சனங்களுக்கு இயற்கையைத் திரையில் காட்டிய முதல் படங்கள் இந்தத் திடல் படங்களாகத்தான் இருக்கும். யூடியூப்பில் சிங்கமும் திமிங்கலமும் பார்த்து வளரும் புந்தோங் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம். கதாநாயகி ஒரு கொசு.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி இப்படிச் சொல்வார்: "மொதல்ல கொசுப் படம், அப்புறம் கை கழுவுற படம், கடைசியாதான் நம்ம படம் போடுவான். நம்ம படத்துக்காகக் கொசுவப் பொறுத்துக்குவோம்." ஆனால் பொறுத்துக்கொண்டு பார்த்ததில் ஒன்றை மறக்கவில்லை. "காய்ச்சல் கொசு தலைய கீழ வச்சு, குண்டியத் தூக்கிக்கிட்டு ஒக்காரும். மத்தது சமமா ஒக்காரும்." அனாபிலிஸின் அடையாளத்தை இதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் சொல்லாது. அன்றிரவே லயத்துச் சுவரில் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கொசுவாகப் பார்த்தார்களாம். செல்லர்ஸ் கேட்டிருக்க வேண்டும்.

படம் காட்டாமல் விட்ட ஒன்றும் உண்டு. டாக்டர் மால்கம் வாட்சன் 1901ல் கிள்ளானில் மலேரியாவை ஒழிக்கத் தொடங்கினார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி, வடிகால் வெட்டியதும் நோய் குறைந்தது. ஏனென்றால் அங்கே நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழல் விழும் குட்டைகளில் முட்டையிடுவது. அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது! அங்கிருந்த மாக்குலேட்டஸ் கொசுவுக்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த ஊற்றுநீர். கித்தா நடக் காட்டை அழித்தவர்களே அதற்கு ஓடையெல்லாம் திறந்துவிட்டார்கள். வெட்டிய கூலிக்காரன்தான் முதலில் செத்தான். ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் வழியைப் பிறகுதான் வாட்சன் கண்டார். 1911லேயே மலேரியா பற்றி நூலும் எழுதியிருந்தார்.

சுகாதாரப் படத்தின் மொழி வேறு. 1943ல் டிஸ்னி லத்தீன் அமெரிக்காவுக்காக எடுத்த 'தி விங்டு ஸ்கர்ஜ்' படத்தை இன்றும் பார்க்கலாம். போலீஸ் தேடும் குற்றவாளியாகக் கொசுவின் படம் சுவரொட்டியில். ஸ்னோ ஒயிட்டின் ஏழு குள்ளர்கள் பாட்டோடு எண்ணெய் தெளிக்கிறார்கள். அருமையான படம்தான், பிள்ளைகள் சிரிப்பார்கள். குற்றவாளி கொசு, சோம்பேறி வீட்டுக்காரன். காட்டை வெட்டியவன் யார் என்று கேட்க அதில் இடமில்லை.

பாட்டியின் தோட்டத்தில் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. லயங்களை ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். அதே வேன், அதே துணி, இப்போது கம்யூனிஸ்டு எதிர்ப்புப் படம். கொசுவும் காட்டிலிருந்துதான் வருகிறது, துப்பாக்கியும் காட்டிலிருந்துதான் வருகிறது. இத்தனைக்கும் தோட்டத் தமிழில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வேலைக்குப் போவது. எதிரி இருக்கும் காட்டுக்கும் சோறு போடும் காட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தவர்கள் அந்தப் படங்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. தெமியார் மக்களின் காட்டு வாழ்க்கையை 1956ல் இதே பிலிம் யூனிட் படமாக்கியது. ஆக, காட்டை வேறுவிதமாகக் காட்டவும் அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் பழங்கதை என்று விடலாமா? 2004ல் பல்பீர் சிங்கும் அவர் குழுவும் சரவாக்கின் காப்பிட்டில் மனிதரிடம் பரவலாகக் கண்டுபிடித்த குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெசி, இன்றும் மலேசியாவில் ஆளைக் கொல்கிறது. மனித மலேரியா உள்நாட்டில் 2018 முதல் பரவவில்லை, ஆனால் இது நிற்கவில்லை. காடு தோட்டமாக மாறும் ஓரங்களில்தான் அதிகம் பிடிக்கிறது. வாட்சன் கண்ட அதே இடம். நம் போனுக்கு வரும் வீடியோக்களோ பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டச் சொல்கின்றன. டிங்கிக்கு அது சரி. நோலெசிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

தமிழில் யாராவது அந்த வீடியோவை எடுப்பதாக இருந்தால் குரங்கிலிருந்து தொடங்கணும். கிருமியைச் சுமப்பவை நீண்டவால் குரங்கும் பன்றிவால் குரங்கும். மலாய்க்காரர் ஒன்றைக் கெரா என்பார், மற்றதைப் பெரோக் என்பார். புந்தோங்கில் நமக்கு இரண்டுமே குரங்குதான்.