தண்ணீரின் மேல் ஒரு பூங்கா

பம்பாயில் வாழும் தமிழ்க் குடும்பத்தார், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் மலபார் குன்று முதன்மையானது. மாதுங்காவில் குடியிருப்போராயினும், செம்பூரிலோ தாராவியிலோ குடியிருப்போராயினும், புளிச்சோற்றுப் பொட்டலத்தையும் தண்ணீர்க் கூஜாவையும் எடுத்துக்கொண்டு, பாட்டி முதல் பேரன் வரை எல்லோருமாக இக்குன்றின்மேல் ஏறுவது நம்மவர் பலருக்குப் பழகிய வழக்கம். அங்கே சாலையின் ஒரு புறம் தொங்கு தோட்டம்; மறு புறம் கமலா நேரு பூங்கா. ஒன்றில் யானை, ஒட்டகம் முதலிய உருவங்களில் கத்தரித்து வளர்க்கப்பட்ட செடிகள். மற்றதில் ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வரும் கிழவியின் வீட்டைப் போல எழுப்பப்பட்ட பெரிய பூட்ஸ். குழந்தைகள் அப்பூட்சினுள் ஏறி, மேல்தளத்திலிருந்து கையசைக்கும்போது கீழே நிற்கும் பெற்றோர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி காணத் தக்கது.

அவ்வாறு சென்ற குடும்பங்களில் ஏதேனும் ஒரு குழந்தை ஒரு கேள்வி கேளாமல் இராது. "அப்பா, இதைத் தொங்கு தோட்டம் என்கிறார்களே, இது எங்கே தொங்குகிறது?" என்று அது கேட்கும். தந்தையார் சற்றே விழித்துவிட்டு, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார். அக்கேள்விக்கு உரிய விடையை இன்று நாம் காண்போம். அதைக் கண்டால், ஒரு மாநகரம் தன் மக்களுக்கு நீரும் காற்றும் தர எவ்வாறு கற்றுக்கொண்டது என்னும் வரலாறும் உடன் விளங்கும்.

பம்பாய் ஏழு தீவுகளாய் இருந்த நிலம். 1661-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசிய இளவரசி காதரினை இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸுக்கு மணம் பேசிய உடன்படிக்கையில் இது சீதனமாய்ச் சேர்க்கப்பட்டது. 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்கு அம்மன்னன் இதைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் விட்டான். கம்பெனியார் துறைமுகம் கண்டனர்; கோட்டை கட்டினர்; வணிகர் வந்து குவிந்தனர். ஆனால் அத்தீவுகளில் காவிரி போன்றோ வைகை போன்றோ ஓர் ஆறு கிடையாது. சுற்றிலும் கடல், குடிப்பதற்குக் கிணறும் குளமுமே கதி. தோபி தலாவ், கோவாலியா டாங்க் என்று இன்றும் வழங்கும் இடப்பெயர்கள், வண்ணார் துணி வெளுத்த குளத்தையும், ஆயர் மாடு குளிப்பாட்டிய குளத்தையும் நினைவூட்டுவன. குளங்கள் மறைந்தன, பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

மக்கள் பெருகப் பெருக அக்குளங்கள் போதாவாயின. மழை பொய்த்துக் கோடை நீண்டபோது நகரம் தவித்தது. 1854-ஆம் ஆண்டின் வறட்சி மிகக் கொடியது. வெளியிலிருந்து படகிலும் இரயிலிலும் தண்ணீரைக் கொணர்ந்து, கிணறுகளில் ஊற்றி, அதிலிருந்து மக்களை இறைத்துக்கொள்ளச் செய்தனர். ஆடுமாடுகளை நகருக்குள் வைத்திராமல் மாஹிமுக்கு ஓட்டிச் சென்றனர். இந்தியாவில் முதல் பயணி இரயில் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது 1853-இல். அதற்கு மறு ஆண்டிலேயே இரயில் தண்ணீர் சுமக்க நேர்ந்தது என்பதைக் கருதினால், அந்நாளைய இடர் எத்தகையது என்பது புலப்படும்.

அத்துன்பத்தின் பயனாகவே விஹார் ஏரித் திட்டம் உருப்பெற்றது. ஹென்றி கோனிபேர் என்னும் பொறியாளர் வகுத்த அத்திட்டப்படி, சால்செட் தீவின் மலைகளிடையே அணைகள் கட்டப்பட்டன. 1856-இல் தொடங்கிய பணி 1860-இல் நிறைவெய்தியது. இரும்புக் குழாய்களின் வழியே ஏரி நீர் நகருக்குள் வந்தது. வீட்டு வாயிலில் குழாயைத் திருகினால் நீர் வரும் என்பது அக்கால மக்களுக்கு வியப்பாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அதுவும் போதாதாயிற்று. விஹாருக்கு மேலே உயரமான இடத்தில் துள்சி ஏரி 1879-இல் முடிவுற்றது. 1892-இல் தான்சா அணை எழுந்தது.

இனி, குழந்தையின் கேள்விக்கு வருவோம். ஏரியிலிருந்து வரும் நீரை நகரின் எல்லா வீடுகளுக்கும் பகிர்ந்தளிக்க, உயரமான இடத்தில் ஒரு தேக்கம் வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் தானே பாயும். பம்புகளால் தள்ள வேண்டுவதில்லை. நம் ஊர்களில் ஏரியை மேட்டிலும் வயலைப் பள்ளத்திலும் அமைத்த நம் முன்னோர் அறிந்திருந்த நுட்பமே இது. தென் பம்பாயில் அத்தகைய மேடாய் வாய்த்தது ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள மலபார் குன்று. எனவே 1880-களில் அக்குன்றின் உச்சியில் பெரியதொரு நீர்த்தேக்கத்தைக் கட்டினர். அதற்குக் கூரையிட்டு, கூரையின்மேல் மண் பரப்பி, தோட்டம் வைத்தனர். அருகே பார்சி மக்கள் இறந்தோரைக் கழுகுகளுக்கு அளிக்கும் அமைதிக் கோபுரங்கள் உள்ளன. அங்கு வரும் பறவைகளால் குடிநீர் மாசுபடாதிருக்கவே தேக்கத்தை மூடினர் என்பது நகரில் நெடுநாளாக வழங்கும் செய்தி.

ஆக, தோட்டம் தொங்குவது தண்ணீரின் மேல். நாம் புல்தரையில் அமர்ந்து புளிச்சோறு உண்ணும்போது, நமக்குக் கீழே, இருளில், 14 கோடி லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளும் தேக்கம் அமைதியாய்க் கிடக்கிறது. அங்கே பேராலமரங்களைக் காணாமல் செடிகளையும் பாத்திகளையுமே மிகுதியாய்க் காண்பதன் காரணமும் இதுதான்: ஆழ வேரோடும் மரத்திற்கு அக்கூரை மண் இடங்கொடாது.

அத்தோட்டத்திற்குப் பெரோஸ்ஷா மேத்தாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இப்பெயர் பொருத்தம் மிக்கது. நகரின் முதல் மாநகராட்சி ஆணையரான ஆர்தர் கிராஃபர்டு, சாக்கடைகளைச் சீர்செய்தும் சந்தை கட்டியும் அரும்பணி ஆற்றினார். ஆனால் செலவு வரம்பு கடந்தது. வரி செலுத்துவோர் கொதித்தெழுந்தனர். 1871-இல், இருபத்தாறு வயதை எட்டிக்கொண்டிருந்த வழக்கறிஞர் மேத்தா, ஆணையரைப் பழிப்பதனால் பயனில்லை, வரி செலுத்துவோரே தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்று வாதாடினார். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சியில் பாதிப்பேர் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பின்னர் வந்த 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்குவதிலும் மேத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1890-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அப்பெரியார், தம் நகரின் குழாயையும் சாக்கடையையும் பற்றிப் பேசுவதை இழிவாகக் கருதவில்லை. 1915-இல் அவர் மறைந்தார்.

சாலையைக் கடந்தால் கமலா நேரு பூங்கா. 1936-இல் சுவிட்சர்லாந்தில் நோயுற்று உயிர்நீத்த கமலா நேருவின் நினைவாக 1952-இல் இது திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் இக்குன்று ஆளுநர் மாளிகைக்கும் பெருஞ்செல்வர் பங்களாக்களுக்கும் உரிய இடமாய் இருந்தது. அவர்கள் மாடங்களிலிருந்து கண்ட காட்சியை, மில் தொழிலாளியின் மகளும் குமாஸ்தாவின் மகனும் கட்டணமின்றிக் காண வழி செய்தவை இவ்விரு பூங்காக்களே.

அக்காட்சியைச் சற்று நின்று நோக்குவோம். கீழே வளைந்து கிடக்கும் கடற்கரை சௌபாத்தி. 1920 ஆகஸ்டில் லோகமான்ய திலகரின் உடல் எரியூட்டப்பட்ட மணல் அது. அங்கிருந்து பிறைபோல் வளைந்து செல்வது மெரீன் டிரைவ். இரவில் விளக்கேற்றியபின் இராணியின் கழுத்தணி என்று அழைக்கப்படுவது. அது இயற்கை தந்த கரையன்று. 1920-களில் ஆளுநர் லாயிடு காலத்தில் கடலைத் தூர்க்கத் தொடங்கிய பெருந்திட்டத்தின் எச்சம் அது. அத்திட்டத்தில் நேர்ந்த வீண்செலவையும் முறைகேட்டையும் அம்பலப்படுத்தியவர் கே. எஃப். நரிமன், அவ்வளைவின் தென்கோடி இன்று நரிமன் பாயிண்ட் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கரையோரமாக 1930-களிலும் 40-களிலும் எழுந்த கட்டடங்களை, விக்டோரியா காலக் கட்டடங்களோடு சேர்த்து, 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. குன்றின் அடிவாரத்திலிருந்து சிறிது தொலைவிலே கோவாலியா டாங்க் மைதானம். 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய களம் அது. ஆயர் மாடு குளிப்பாட்டிய குளத்தின் பெயரை விடுதலை வரலாறு இவ்வாறு அழியாப் பெயர் ஆக்கிற்று.

இவ்வரலாற்றில் நமக்கு என்ன பங்கு என்று நேயர்கள் கேட்கலாம். பங்கு உண்டு. 1896-இல் இந்நகரில் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் மடிந்தனர். அதன்பின் 1898-இல் நிறுவப்பட்ட நகரச் சீர்திருத்த டிரஸ்ட், வடக்கே தாதர், மாதுங்கா, வடாலா நிலங்களில் அகன்ற சாலைகளும், வீட்டுக்கு வீடு இடைவெளியும், பூங்காக்களும் கொண்ட புதிய குடியிருப்புகளை வகுத்தது. ஐந்து தோட்டங்கள் என்று நாம் அறிந்த பூங்காக்கள் அந்நிலப்பகுதியில் அமைந்தவை. வேலை தேடி வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மாதுங்காவில் வேரூன்றின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது. மாலையில் கோயிலுக்குப் போய்விட்டுப் பூங்காவில் அமரும் நம் பாட்டிமார், அந்தக் காற்று கொள்ளைநோயில் மாண்டவர்கள் விட்டுச் சென்ற கொடை என்பதை அறிந்திரார்.

தாராவியில் நிலை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் மக்கள், யாரும் விரும்பாத சதுப்பு நிலத்தைத் தாமே தூர்த்துக் குடியேறினர். விஹார் ஏரி நிரம்பி வழியும் நீர், பொவாய் ஏரியின் கழிநீரோடு சேர்ந்து மிட்டி ஆறாகி, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தை அடைகிறது. ஒரே ஏரியின் நீர் குழாய்வழி ஒருவர் வீட்டிற்குக் குடிநீராகவும், மிட்டி வழி வேறொருவர் வாயிலில் வெள்ளமாகவும் வருவதை இந்நகரம் கண்டிருக்கிறது. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மிட்டியின் கரையில் வாழ்ந்தோர் பட்ட பாட்டை நம்மவர் மறந்திரார்.

இன்று 7 ஏரிகளிலிருந்து இந்நகருக்கு நீர் வருகிறது. அவற்றுள் சில, 100 கிலோமீட்டர் தொலைவில், ஆதிவாசி மக்கள் வாழும் மலைப்பகுதிகளில் உள்ளன. அவ்வணைகளுக்கு அண்மையிலேயே, கோடையில் குடத்துடன் நெடுந்தொலைவு நடக்கும் பெண்களும் உள்ளனர். குழாயைத் திருகும் கைகள் அவர்களையும் நினைத்தல் வேண்டும்.

அண்மையில் அப்பூங்காவுக்கே ஓர் இடர் வந்தது. 2020 ஆகஸ்டுப் பெருமழையில் குன்றின் சரிவு இடிந்து சாலை பழுதுற்றது. அதன்பின் 2023-இல், 135 ஆண்டு கடந்த நீர்த்தேக்கத்தை இடித்துப் புதிதாய்க் கட்ட மாநகராட்சி முற்பட்டது. தோட்டத்தைப் பல ஆண்டுகள் மூட வேண்டும். 389 மரங்களுக்கு ஊறு நேரும் என்று செய்தி பரவியது. நகர மக்கள் எதிர்த்தனர். நியாயம் இருபுறமும் இருந்தது. தேக்கம் உடைந்தால் தென் பம்பாய் தாகத்தில் வாடும். தோட்டம் மூடினால் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதை அறியாமலே வளரும். ஆகவே வல்லுநர் குழு ஒன்று அமைந்தது. தேக்கத்தின் அறைகளை நேரில் ஆராய்ந்த ஐ. ஐ. டி. பேராசிரியர்கள், இடிக்க வேண்டுவதில்லை, பழுது பார்த்தால் போதும் என்றனர். 2024-இல் மாநகராட்சி புதுக் கட்டடத் திட்டத்தைக் கைவிட்டது. வரி செலுத்துவோரின் சொல் கேட்கப்பட வேண்டும் என்று 1871-இல் வாதாடியவரின் பெயர் தாங்கிய தோட்டம், அவ்வாறு கேட்கப்பட்டதனாலேயே பிழைத்தது.

நேயர்களே, நாம் பிழைப்புத் தேடி எம்மாநிலம் சென்றாலும், அங்கே முதலில் பெறுவது அவ்வூர்த் தண்ணீரைத்தான். அதைக் கொணர்ந்தவர் யார், காத்தவர் யார், அதற்காக இழந்தவர் யார் என்று அறிந்துகொள்வது குடிவந்தவரின் கடன். கல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நாம் மாலையில் சென்று அமரும் பூங்காக்களுக்கும் இத்தகைய வரலாறுகள் உண்டு. அடுத்த முறை மலபார் குன்றின்மேல் குழந்தை அக்கேள்வியைக் கேட்குமாயின், வேர்க்கடலையும் வாங்கிக் கொடுப்போம். கூஜாவிலுள்ள தண்ணீரைக் காட்டி, 1854-ஆம் ஆண்டுக் கதையையும் சொல்வோம்.