எதைக் கொண்டு அளப்பது? சான்யா நெல் மாநாடும் அதன் பின்வந்த விவாதமும்

2002 ஏப்ரல் 1 முதல் 4 வரை, சீனாவின் ஹைனான் தீவிலுள்ள சான்யா நகரில் பன்னாட்டு நெல் மாநாடு ஒன்று நடந்தது. மடகாஸ்கரில் உருவாகி, அதற்குள் ஆசியாவிலும் கால் பதித்திருந்த ஒரு சாகுபடி முறையை மதிப்பிடுவது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்றும் திருந்திய நெல் சாகுபடி என்றும் பின்னாளில் வழங்கிய முறை அதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு வேளாண் நிறுவனமும், யுவான் லோங்பிங் தலைமையிலான சீனத் தேசியக் கலப்பின நெல் ஆய்வு மையமும், மடகாஸ்கரின் டெஃபி சைனா சங்கமும் அதில் முன்னின்றன. ஏறத்தாழ 15 நாடுகளின் அனுபவங்கள் அங்கே முன்வைக்கப்பட்டன.

அந்த நான்கு நாட்களின் விளைவாக நெல் ஆய்வுலகில் பல ஆண்டுகள் நீடித்த ஒரு சச்சரவு மூண்டது. ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் மோதின. அதற்குள் நீர், விதை, உழைப்பு ஆகிய மூன்றும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. உழவருக்கு உடனடியாகப் பயன்பட்டிருக்க வேண்டியவை அவையே. நீடித்த வேளாண்மை பற்றிய மாநாடு ஒன்று உச்ச விளைச்சலைத் தன் அளவுகோலாக ஏற்றுக்கொண்டால், தான் கூடிய காரணத்தையே அது இழந்துவிடுகிறது என்பது என் வாதம்.

முறையின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆன்றி தெ லொலானி என்ற பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார் 1961இல் மடகாஸ்கருக்கு வந்தார். அங்கே நெல் விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன் அளவில் இருந்தது. உரம் வாங்கப் பணமில்லாத உழவர்களோடு அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வயலில் நின்று கவனித்தார். 1983-84 பருவத்தில், அன்ட்சிராபே நகரில் தாம் நடத்திய பண்ணைப் பள்ளியில், நெருக்கடியின் காரணமாகச் சுமார் 15 நாள் வயதே ஆன நாற்றுகளை நட நேர்ந்தது. அவை எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டின. அதிலிருந்து படிப்படியாக உருவானதுதான் இன்றைய முறை: இரண்டு மூன்று இலைப் பருவத்திலேயே நாற்றை எடுத்தல், குத்துக்கு ஒரே நாற்று, சதுர இடைவெளி, எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல், உருளும் களைக்கருவியால் மண்ணைக் கிளறிவிடுதல், தொழு உரம். நாற்றில் முதல் பக்கத்தூர் வெடிக்கும் முன்பே வேர் அலுங்காமல் நட்டுவிட்டால் தூர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருகும் என்பது இதன் பயிரியல் அடிப்படை. ஜப்பானிய ஆய்வாளர் கட்டாயாமா 1920களிலும் 30களிலும் தூர்விடும் ஒழுங்கைப் பற்றிச் செய்த ஆய்வுகள் லொலானிக்குப் பிற்காலத்தில்தான் தெரியவந்தன. வயலில் கண்டது முதலில், விளக்கம் அதற்குப் பிறகு. இந்த வரிசையே அவர்மீது ஆய்வுலகம் ஐயப்பட ஒரு காரணமாயிற்று என்று நினைக்கிறேன். லொலானி 1995இல் மறைந்தார். சான்யாவை அவர் காணவில்லை.

அவருடைய முறையை வெளியுலகுக்குக் கொண்டுசென்றவர் கார்னெலின் நார்மன் அப்ஹாஃப். அரசியல் அறிவியலாளரான அவர் ரானோமஃபானா தேசியப் பூங்காவின் ஓரத்தில், காட்டை எரித்துப் பயிரிடுவதற்கு மாற்றுத் தேடியபோது இதை அறிந்தார். அங்கே 2 டன் எடுத்த உழவர்கள் சராசரியாக 8 டன் எடுத்தார்கள் என்ற செய்திதான் பிற நாடுகளை ஈர்த்தது. 1999இல் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழகமும், அதையடுத்து இந்தோனேசிய அரசின் ஆய்வு நிலையமும் சோதனை செய்தன. யுவானின் ஈடுபாட்டுக்குத் தனிக் காரணமும் இருந்திருக்கும். கலப்பின விதையைப் பருவந்தோறும் விலைக்கு வாங்கியாக வேண்டும். குத்துக்கு ஒரு நாற்று என்றால் விதைச் செலவு பல மடங்கு குறையும். கலப்பின நெல்லுக்கு வழிவகுத்த ஆண்மலட்டுக் காட்டுநெல்லை யுவானின் குழு 1970இல் கண்டெடுத்ததும் இதே ஹைனான் தீவில்தான். அவருடைய பெயர் மாநாட்டுக்குத் தந்த மதிப்பு பெரிது.

ஆனால் சான்யாவுக்குப் பின் பேசப்பட்டது விதையைப் பற்றியன்று. மடகாஸ்கரின் சில வயல்களில் 15 டன், 20 டன்னுக்கும் மேல் என்று வந்த கணக்குகளே பேச்சாயின. ஐக்கிய நாடுகள் அவை உலக நெல் ஆண்டாக அறிவித்திருந்த 2004இல் பதிலடி வந்தது. பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தின் ஜான் ஷீஹியும் சீன ஆய்வாளர்கள் பலரும் சேர்ந்து, சீனாவில் மூன்று இடங்களில் செய்த சோதனைகளில் இம்முறைக்குத் தனிச் சிறப்பு எதுவும் காணவில்லை என்று எழுதினார்கள். அந்த உச்ச விளைச்சல்கள் சூரிய ஒளியின் அளவும் பயிரின் ஒளிச்சேர்க்கைத் திறனும் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியவை என்பதும் அவர்கள் வாதம். வேறு சில பயிரியலாளர்கள் இதைப் பறக்கும் தட்டுக் கதைகளோடு சேர்த்தார்கள். 2006இல் கார்னெலிலிருந்தே மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரிகா ஆகியோர் வெளியான சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மடகாஸ்கரில் மட்டும் விளைச்சல் இரட்டிப்புக்கு மேல். மற்ற நாடுகளின் 35 சோதனைகளில் 24இல், பரிந்துரைக்கப்பட்ட சிறந்த வழக்கமான முறையைவிடக் குறைவு.

உச்ச விளைச்சல் கணக்குகளைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பின் ஐயம் நியாயமானது. அவர்கள் அதைத் தொலைவிலிருந்து சூரிய ஒளிக் கணக்கால் மறுத்தார்கள். வயலில் இறங்கி, அளக்கும் சட்டத்தைப் பார்த்தாலே ஒரு விடை கிடைக்கும். 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் நட்ட வயலில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து அறுக்கிறோம் என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு உரிய குத்துகள் 16. சட்டத்தின் விளிம்பு குத்துகளின் வரிசை மேலேயே விழும்படி வைத்து, விளிம்பில் நிற்பவற்றையும் சேர்த்து அறுத்தால் உள்ளே வருபவை 25. விளைச்சல் 56 சதவீதம் கூடிவிடும்; யாரும் பொய் சொல்லவில்லை. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்ட பக்கத்து வயலில் இதே தவறு 100 குத்தை 121 ஆக்கும்; மிகை 21 சதவீதந்தான். ஆக, இடைவெளி கூடக்கூட அளவைப் பிழையும் கூடுகிறது. ஒப்பீட்டில் அகல நடவுக்குச் செயற்கையாக ஒரு வெற்றி கிடைத்துவிடுகிறது. 5 மீட்டர் சதுரம் அறுத்தால் 400 குத்துக்கு 441. பிழை பத்து சதவீதமாகச் சுருங்கும். முழு வயலையும் அறுத்து, காயவைத்து, ஈரப்பதம் பார்த்து எடை போட்டால் பிழை கிட்டத்தட்ட மறைந்தே போகும்.

எல்லாக் கணக்குகளும் இப்படித்தான் வந்தன என்று நான் சொல்லவில்லை. அறுத்த பரப்பு எவ்வளவு, ஈரப்பதம் எத்தனை சதவீதம், ஒப்பிட்ட வயலில் என்ன உரம் என்று ஒரே படிவத்தில் எழுதிக் கொண்டுவருமாறு சான்யாவுக்கு வந்த எல்லா நாட்டாரையும் கேட்டிருந்தால் சச்சரவின் பெரும்பகுதி எழுந்திராது. 2012 வாக்கில் பீகாரின் நாளந்தா மாவட்டத்திலிருந்து ஹெக்டேருக்கு 22.4 டன் என்ற செய்தி உலகெங்கும் பரவியபோதும் இதே கதை திரும்பியது. அப்போது அதை நம்ப மறுத்தவர்களில் ஒருவர், சான்யாவில் முன்னின்ற யுவான் லோங்பிங்.

இரண்டாவது சிக்கல் எதனோடு ஒப்பிடுவது என்பது. மெக்டொனால்டு குழு ஆய்வு நிலையத்தின் சிறந்த முறையோடு ஒப்பிட்டது. சான்யாவுக்கு வந்த கணக்குகளில் பல, அந்தந்த ஊர் உழவர் வழக்கமாகச் செய்வதோடு ஒப்பிட்டவை. முதலாவது பயிரியல் கேள்வி. இரண்டாவது உழவரின் கேள்வி. இரண்டும் முறையானவை. ஆனால் ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றை மறுக்க முடியாது. சிறந்த முறைக்கான உரத்தையும் மருந்தையும் வாங்க முடியாத மடகாஸ்கர் உழவருக்கு, அந்த முறையோடு செய்த ஒப்பீடு எதையும் சொல்வதில்லை.

அந்த உழவரையே நேரில் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. மோசர், பேரட் இருவரும் 2003இல் மடகாஸ்கரைப் பற்றி வெளியிட்ட அந்த ஆய்வு, விளைச்சல் சண்டையின் இரைச்சலில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் வருத்தம். முயன்று பார்த்தவர்களில் சராசரியாக 40 சதவீதத்தினர் முறையைக் கைவிட்டிருந்தார்கள். நெல் விளையாததால் அன்று. நடவுக் காலத்தில் கையில் காசில்லாத ஏழை உழவர், அன்றன்றைய சோற்றுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போயாக வேண்டும்; தன் வயலில் நுணுக்கமாக நடவும் திரும்பத் திரும்பக் களையெடுக்கவும் அவருக்கு நாள் இல்லை. இம்முறை யாருக்காக உருவானதோ அவருக்கே எட்டவில்லை. நீடித்த வேளாண்மை என்ற சொல்லைப் பயன்படுத்தும் எந்த மாநாடும் முதலில் எடுத்துப் பேசியிருக்க வேண்டிய முடிவு இது.

தமிழ்நாட்டில் உழைப்பின் கணக்கு வேறு விதமாக வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தி. மு. தியாகராஜன் 2000ஆம் ஆண்டிலிருந்தே சோதனைகளைத் தொடங்கியிருந்தார். 2003-04இல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு உழவர் வயல்களில் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, வழக்கமான நடவில் ஹெக்டேருக்குச் சுமார் 5.6 டன்னும் திருந்திய முறையில் 7.2 டன்னும் கிடைத்தன. ஒரு டன்னுக்கு மேல் கூடுதல். எந்த ஒளிச்சேர்க்கை எல்லையையும் மீறாத, நம்பத்தக்க எண். அதைவிட முக்கியமானது அதே ஆய்வின் ஆள்கணக்கு. மொத்த வேலைநாட்கள் சற்றுக் குறைந்தன. பெண்களின் வேலை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. ஆண்களின் வேலை பாதிக்கு மேல் கூடியது.

காரணம் கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவி. குனிந்து கையால் களை பறிப்பது பெண்களின் கூலி வேலை. நின்றபடி முன்னும் பின்னும் தள்ளும் கருவி வயலுக்கு வந்ததும் அது ஆணின் வேலையாகிவிட்டது. நடவிலும் மாற்றம். நாற்று முடியிலிருந்து கொத்தாகப் பிரித்து விறுவிறுவென்று நட்டுப்போன கை, பாய் நாற்றங்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்த சின்னஞ்சிறு நாற்றை, மார்க்கர் போட்ட கோடுகள் வெட்டும் இடம் பார்த்து ஒவ்வொன்றாக வைக்க வேண்டியிருந்தது. பெண்ணின் முதுகுவலி குறைந்ததா, அவளுடைய பருவக் கூலி குறைந்ததா? இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடும் குழுவுக்கு, நடவு மெதுவானால் நாள் கூலியே இறங்கிவிடும். டன் கணக்கு அட்டவணையில் இதற்கென்று ஒரு பத்தி கிடையாது.

நீருக்கும் இதே நிலை. மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகு இரண்டரை சென்டிமீட்டர் நீர் கட்டினால் போதும் என்பது பரிந்துரை. வயலில் காற்றோட்டம் ஏற்படுவதால் மீத்தேன் உமிழ்வும் பெருமளவு குறைகிறது. நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மயிரிழை வெடிப்புக்காகக் காத்திருக்கும் துணிவு யாருக்கு வரும்? வேண்டியபோது ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட முடிந்தவருக்கு வரும். அடுத்த முறைத் தண்ணீர் என்றைக்கு என்று தெரியாத கடைமடை உழவர், வந்த தண்ணீரை வரப்பு முட்டத் தேக்கத்தான் செய்வார், அது அறியாமையாகாது. மோட்டார் உள்ளவருக்கோ மின்சாரம் இலவசம், மிச்சப்படுத்திய நீரால் அவர் கைக்கு ஒரு ரூபாயும் வராது. சேமிப்பு ஊருக்கு, உழைப்பு உழவருக்கு என்ற இந்தக் கோணலைச் சரிசெய்யாமல், 2010 வாக்கில் இம்முறைக்கு ‘இராஜராஜன் 1000’ என்று பெயர் சூட்டிப் பரப்பியபோது, விதையையும் கருவியையும் மானியமாகக் கொடுத்ததோடு நின்றுவிட்டோம்.

சச்சரவு ஓய்ந்த பிறகு நல்ல ஆய்வு வந்தது. வங்கதேசத்தில் பிராக் அமைப்போடு இணைந்து, குலுக்கல் முறையில் ஊர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்துச் செய்த சோதனையின் முடிவுகள் 2022இல் வெளியாயின. பயிற்சி பெற்ற உழவர்களின் விளைச்சலும் வருவாயும் உயர்ந்தன. அதன் ஆசிரியர்களில் ஒருவர், மடகாஸ்கரில் உழவர்கள் கைவிட்டதைப் பதிவு செய்த அதே பேரட். சான்யாவுக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள்.

நெல் பற்றிய அடுத்த பன்னாட்டு மாநாட்டை ஏற்பாடு செய்பவர்களிடம், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து கட்டுரை அனுப்புகிறவர்களிடம், ஒரு வேண்டுகோள். விளைச்சல் எண்ணுக்குப் பக்கத்தில் அறுத்த பரப்பையும் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். ஒரு கிலோ நெல்லுக்கு எத்தனை லிட்டர் நீர் ஆயிற்று என்று எழுதுங்கள். நடவுக்கும் களைக்கும் வந்த ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆளுக்கு நாள் கூலி என்ன என்று எழுதுங்கள். இவை இல்லாத கட்டுரையை மாநாட்டுக் குழு திருப்பி அனுப்பட்டும்.