கப்பலுக்கு முந்திய இரவு

கொங்கு நாட்டிற்குக் கடற்கரை இல்லை. எங்கள் தாராபுரத்தைத் தொட்டுச் செல்லும் அமராவதியும் கரூருக்கு அப்பால் காவிரியோடு கலந்த பின்னரே கடலைக் காண்கிறது. ஆகவே, கொங்கு நாட்டார் ஒருவர் கப்பலேற விரும்பினால், அதற்கு முன் அவர் வேற்றூர் ஒன்றில் ஓரிரவேனும் தங்கியே தீர வேண்டும். அந்த இரவை அவர் எங்கே கழித்தார் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். கப்பல்களின் வரலாற்றை எழுதினோர் பலர் உளர். கப்பலுக்காகக் காத்திருந்தோரின் வரலாற்றைக் கருதினோர் சிலரே.

இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பியவர் என் பழைய மாணவர் ஒருவர். தாயார், மனைவி, இரு குழந்தைகள் ஆகியோருடன் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் செல்ல அவர் திட்டமிட்டிருந்தார். அதற்கு முன் நகரில் எந்த விடுதியில் தங்கலாம் என்று என்னிடம் கேட்டார். வரலாற்று ஆசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, நூற்றைம்பது ஆண்டுகளாக நம்மவர் பலர் தமக்குள்ளே கேட்டுக்கொண்ட கேள்வி இதுவே என்பது புலனாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கேள்வி இருந்தது. விடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை.

முதலில், காத்திருக்க நேர்ந்த காரணத்தைக் காண்போம். சென்னைப் பட்டினத்திற்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. பிரயாணிகளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்று கப்பலை அடைந்தனர். அப்படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஆணியடித்த படகு அந்த அலையின் அறைதலுக்கு ஆற்றாது பிளந்துவிடும். கடல் கொந்தளித்தால் படகு செல்லாது. படகு செல்லாவிடில் பிரயாணியும் செல்ல இயலாது. 1861-இல் இரும்புக் கால்களின்மீது கடற்பாலம் ஒன்று அமைத்தனர். 1875-இல் துறைமுக வேலை தொடங்கிற்று. வேலை முடியும் தறுவாயில், 1881-இல் வீசிய புயல் அதைச் சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டினர். துறைமுக வாயில் கிழக்கிலிருந்து வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது 1911-இல்தான். அதனை நிறைவேற்றிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாரின் பெயரை மனத்தில் இருத்துங்கள். அவரை மீண்டும் சந்திப்போம்.

இனி, தாராபுரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியைப் பாருங்கள். சென்னையிலிருந்து மேலைக் கடற்கரையின் பேப்பூருக்குச் சென்ற இருப்புப்பாதை 1862-இல் நிறைவுற்றது. ஈரோடும் திருப்பூரும் அப்பாதையில் அமைந்தன, தாராபுரம் அமையவில்லை. இன்றளவும் எங்கள் ஊருக்கு ரயில் இல்லை என்பதை வருத்தத்துடன் சொல்லிவைக்கிறேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மாட்டுவண்டியில் சென்று, திருப்பூரில் ரயிலேறி, சென்னையில் இறங்கும் குடும்பம், கப்பல் புறப்படும் நாளன்று காலையில் போய்ச் சேரத் துணியாது. இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே வந்துவிடும்.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? உறவினர் வீடு இருந்தால் அங்கே, இல்லையேல் சத்திரத்தில். சென்ட்ரல் நிலையம் 1873-இல் எழுந்தது. அதற்கு அணித்தாக 1880-களில் சர் சவலை ராமசாமி முதலியார் கட்டுவித்த சத்திரம் இன்றும் நிற்கிறது. ரயிலை விட்டு இறங்கியவன் கூலியாள் இன்றியே மூட்டையைச் சுமந்து சென்று சேரத்தக்க தூரம் அது. இடத்தைத் தேர்ந்த அறிவை நான் வியக்கிறேன். இன்று விடுதி கட்டுவோர் பலர்க்கு அவ்வறிவு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆயினும் சத்திரத்தைப் பற்றி முழு உண்மையையும் கூற வேண்டும். தர்மச் சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கொரு கட்டு, சாதிக்கொரு சமையல் என்றிருந்தது. சிலவற்றில் ஒரு வகுப்பாருக்கு மட்டுமே சோறு கிடைத்தது, மற்றவர்க்குத் திண்ணை. தாழ்த்தப்பட்டோர்க்கு அத்திண்ணையும் இல்லை. பொதுவாக மூன்று நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்ற வழக்கமும் உண்டு. கப்பல் நான்காம் நாளும் வராவிட்டால் அக்குடும்பம் என்ன செய்தது என்பதற்கு ஏட்டில் குறிப்பு ஏதும் இல்லை.

திண்ணையும் மறுக்கப்பட்ட மக்களே அந்நாளில் மிகுதியாகக் கடல் கடந்தனர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற முதற் கூட்டம் அது. அவர்கள் புறப்படுமுன் தங்கியது 'டிப்போ' எனப்பட்ட முகாமில். தரகன் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து வருவான். முகாமில் மருத்துவர் உடலைச் சோதிப்பார். எழுத்தர் ஒருவர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவற்றைப் பதிவு செய்வார். கப்பல் வரும்வரை வெளியே செல்லும் சுதந்திரம் பெரும்பாலும் இராது. எல்லோர்க்கும் ஒரே கொட்டகை, ஒரே சமையல். சத்திரம் பேணிய சாதிக் கட்டுகளை அம்முகாம் ஒரே இரவில் உடைத்தது என்பது விந்தையே. அதற்காக முகாமைப் புகழ நான் முன்வரமாட்டேன். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911-இலும், ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் அனுப்புவது 1917-இலும் நிறுத்தப்பட்டன. அப்பதிவேடுகள் அழியவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர் இன்று தம் பாட்டனார் ஊரைக் கண்டறிய அவற்றையே புரட்டுகின்றனர். முகாம் எழுத்தர் ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதியிருப்பின், அவ்வூரைத் தேடி அலைகின்றனர்.

மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் சில நாள் தடுத்து வைக்கப்பட்டு, தொற்று நோய் இல்லையெனத் தெளிந்த பிறகே அனுப்பப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், தனுஷ்கோடிவரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னார்வரை கப்பலுமாக அப்பயணம் நடந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. மண்டபம் முகாமோ, பின்னாளில் இலங்கையிலிருந்து அகதிகளாகத் திரும்பியோர்க்கு அடைக்கலமாயிற்று. போகும்போது தங்கிய இடமே, திரும்பும்போதும் தங்கும் இடமாக அமைந்தது.

இப்போது கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரைக் காண்போம். கணித மேதை இராமானுசன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். அக்கழகத்தின் தலைவர்தாம் நான் முன்னர்க் குறிப்பிட்ட ஸ்பிரிங் துரை. கப்பல்கள் தங்குதற்கு வழி செய்த அதே மனிதர், தம் அலுவலக எழுத்தர் கேம்பிரிட்ஜுக்குச் செல்லவும் துணை நின்றார்.

இராமானுசன் சென்னைக்குப் புதியவர் அல்லர்; திருவல்லிக்கேணியில் தாயுடனும் மனைவியுடனும் குடியிருந்தவர். ஆயினும் கப்பலுக்கு முந்திய சில நாட்களில், அவர் தமக்குப் பழகிய நகரிலேயே விருந்தினரானார். முதலில் தாயையும் மனைவியையும் எழும்பூரில் ரயிலேற்றிக் கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். அவர்கள் சென்ற பின்னரே குடுமி களையப்பட்டது. மேனாட்டு உடைகள் வாங்கப்பட்டன. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணும் முறையை நண்பர்கள் பழக்கினர். உணவு மட்டும் மரக்கறியே. 1914 மார்ச் 17-ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார். அங்கே குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர்க்கென இருந்த விடுதியில் சில நாட்களும், பின்னர்க் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் நெவில் இல்லத்தில் சில வாரங்களும் தங்கினார்.

மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதும் நிரம்பவில்லை. குடுமியற்ற கணவரை அவர் காணலாகாது என்பதற்காகவே அந்த முன்கூட்டிய பிரிவு. பிரயாணியை வழியனுப்பும் கடைசி நாட்களில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்வதும் எல்லோர்க்கும் இயலும் காரியமாக இருக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதற்குக் கால் நூற்றாண்டிற்கு முன், 1888-இல், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர்க்கு நேர்ந்ததையும் நினைவு கூரலாம். காந்தியடிகளைத்தான் சொல்கிறேன். பருவக் கடல் கொந்தளிப்பதால் உடனே செல்ல வேண்டாமென்று பிறர் கூற, அவருடைய தமையனார் அவரை அங்கே விட்டுத் திரும்பினார். அந்த இடைவெளியில் சாதியார் கூடி அவரை விலக்கி வைத்தனர். துறைக்குச் சென்று வழியனுப்புவோர்க்கு ஒரு ரூபாய் நான்கணா அபராதமும் விதித்தனர். பயணப் பணத்தை வைத்திருந்த மைத்துனரே அதைத் தர அஞ்சினார். நண்பர் ஒருவரிடம் கடன் பெற்றே செப்டம்பர் 4-ஆம் நாள் கப்பலேறினார். காத்திருக்கும் நாட்கள் மிகுந்தால், கடலைவிடக் கரையே பெரும் தடையாகிவிடும்.

குடும்பத்தோடு கடல் கடந்த கொங்கு நாட்டார் இல்லையோ எனின், உளர். 1929 டிசம்பரில் ஈரோட்டுப் பெரியார், தம் துணைவியார் நாகம்மையாருடனும் தோழர்கள் சிலருடனும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டிற்குச் சென்றார். நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. படகில் சென்றே ஏற வேண்டும்.

அக்காலத்தில் அவ்வழியே ஓடிய கப்பல்களுள் 'ரஜூலா' தமிழர் நாவில் நிலைத்த பெயர். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிற்று. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்திலேயே பாய் விரித்துப் பயணம் செய்தனர். கப்பற் கம்பெனியின் சென்னை முகவர்கள் பின்னி கம்பெனியார். சீட்டு வாங்குவது, அம்மைப்பால் குத்திய சான்று பெறுவது, கடவுச்சீட்டுக்கு முத்திரை பெறுவது என்று பிரயாணிக்கு நகரில் பல அலைச்சல்கள் உண்டு. அதனால் மண்ணடி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் சிறு விடுதிகள் பெருகின. அறை சிறிது, வாடகையும் சிறிது, கப்பல் பற்றிய செய்தி மட்டும் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கும்.

குடும்பத்தோடு தங்குதற்கென்றே அமைந்த மரக்கறி விடுதிகள் பின்னர் எழுந்தன. கிருஷ்ணராவ் என்பார் 1938-இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசருடைய மாளிகை ஒன்றில் 'உட்லண்ட்ஸ்' விடுதியைத் தொடங்கினார். 1950-களின் தொடக்கத்தில் புதிய உட்லண்ட்ஸ், இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் எழுந்தது. 1954-இல் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் சீதாராமராவ் அமைத்த 'தாசப்பிரகாஷ்' பல்லாண்டு புகழுடன் விளங்கிற்று. இன்று அது இல்லை. அதுவரை தனித்துச் செல்லும் ஆடவர்க்கு ஹோட்டல், குடும்பத்தோடு செல்வார்க்குச் சத்திரம் அல்லது உறவினர் வீடு என்றிருந்த நிலை இவ்விடுதிகளால் மாறியது. பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றித் தங்கலாம், வீட்டுச் சாப்பாட்டை ஒத்த சாப்பாடு கிடைக்கும் என்பதே அவற்றின் பெருமை.

எனினும் கதவுகளை அனைவர்க்கும் திறந்தது விடுதிக்காரரின் விருப்பமன்று, சட்டம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆவது ஷரத்து, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாகக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. அரசியலமைப்பு ஒன்றில் ஹோட்டல் என்ற சொல் ஏன் இடம்பெற வேண்டும் என்று மாணவர் சிலர் வகுப்பில் கேட்டதுண்டு. சத்திரத்துத் திண்ணையை அறிந்தவர்கள் அதை எழுதினார்கள் என்று விடையளித்தேன். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ரஜூலா ஓய்ந்த பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் சிங்கப்பூருக்கு ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் ஓட்டமும் முடிந்தது. விமானம் எல்லாவற்றையும் விழுங்கியது. நெடுங்கால இடைவெளிக்குப் பின், 2022 ஜூனில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. பிழைப்புக்காக அன்றி, கடலைக் காண்பதற்காகவே நம்மவர் கப்பலேறும் காலம் வந்துள்ளது.

இனி, என் மாணவர்க்கு நான் எழுதிய விடைக்கு வருகிறேன். அவர் இரு விடுதிகளைக் குறிப்பிட்டிருந்தார். ஒன்று நகருக்குத் தெற்கே, நீச்சல் குளத்தோடு கூடியது. மற்றொன்று எழும்பூரில், எளியது. ஆனால் கீழ்த்தளத்தில் அறையும் மரக்கறி உணவும் உண்டு. எழும்பூரையே தேர்க என்றேன். கப்பலில் நீச்சல் குளம் இருக்கும். முழங்கால் வலியுள்ள தாயார்க்குக் கீழ்த்தள அறை அங்கே கிடைப்பது அரிது. எழும்பூரிலிருந்து கடற்கரை நிலையத்திற்கு மின்சார ரயில் உண்டு. துறைமுகம் அதற்கு அருகிலேயே உள்ளது. திருப்பூரில் இரவு வண்டியேறி, கப்பல் நாளன்று விடியலில் இறங்கும் யோசனையைக் கைவிடச் சொன்னேன். கப்பல் புறப்படுவதற்குச் சில மணி முன்பே ஏறும் வழியை அடைத்துவிடுவார்கள். வண்டி தாமதித்தால் காத்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் முன்னதாகவே வந்து, குழந்தைகளின் அடையாளச் சான்றுகளை இரவே எடுத்து வைத்துக்கொள்ளும்படியும் எழுதினேன்.

அவ்வாறே வந்தனர். மாலையில் நேரம் மிகுந்திருந்ததால் குழந்தைகளைச் சென்ட்ரலுக்கு அழைத்துச் சென்று, ராமசாமி முதலியார் சத்திரத்தைக் காட்டினாராம். இங்கே தங்குவதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இளையவள் கேட்டாளாம்.