கூறுகளாய் அமைந்த கணிப்பொறி

நெடுந்தூர ரயிலில் பயணம் செய்யும் நம்மவர் கையில் அடுக்குத் தூக்கு ஒன்று இருப்பது வழக்கம். புளியோதரைக்கு ஓர் அடுக்கு, தயிர்ச்சோற்றுக்கு ஓர் அடுக்கு, கறிக்கு ஓர் அடுக்கு. ஒன்றன் விளிம்பு மற்றதன் வாயில் பொருந்துமாறு அளவு ஒன்றாக இருப்பதனால், வேண்டிய அடுக்கைச் சேர்க்கலாம்; வேண்டாததை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். ஓர் அடுக்கு நசுங்கிவிட்டால் தூக்கு முழுவதையும் எறிய வேண்டுவதில்லை. ஆனால், விளிம்பின் அளவை அறிந்துகொண்ட வேறொரு பாத்திரக்காரர் அதே அளவில் அடுக்குச் செய்து குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினால், முதலில் தூக்கைச் செய்தவரின் கதி என்ன? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணிப்பொறித் தொழிலின் போக்கை நிர்ணயித்தது இந்த எளிய வினாவே.

1960ஆம் ஆண்டையொட்டிய நிலைமையை முதலில் நோக்குவோம். அமெரிக்காவில் கணிப்பொறி செய்த நிறுவனங்களுள் ஐ.பி.எம். தலைசிறந்து விளங்கியது. ஆயினும் அதன் பொறிகள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கவில்லை. வாணிகக் கணக்குக்கு 1401. விஞ்ஞானக் கணக்குக்குச் சிறிய 1620, பெரிய 7090. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் வந்து சேர்ந்த பொறி இந்த 1620தான். இவற்றுள் ஒன்றுக்கென எழுதிய புரோகிராம் மற்றொன்றில் ஓடாது. வாணிகம் பெருகி, 1401 போதாமற்போன ஒரு வாடிக்கையாளர் பெரிய பொறிக்கு மாற விரும்பினால், ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த புரோகிராம்களைத் திரும்பவும் எழுத வேண்டியவரானார். அவ்வளவு பாடுபட வேண்டுமென்றால், ஐ.பி.எம்.மையே நாட வேண்டிய கட்டாயம் அவருக்கு என்ன?

இந்த அபாயத்தை உணர்ந்த நிறுவனம் 1961இல் ஒரு குழுவை அமைத்தது. இருக்கும் வரிசைகளை எல்லாம் விலக்கிவிட்டு, சிறிதும் பெரிதுமான பொறிகளை ஒரே குடும்பமாக அமைக்க வேண்டும் என்று அக்குழு அவ்வாண்டு இறுதியில் கூறிற்று. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பொறிகளைத் தாமே வழக்கொழியச் செய்வதா என்று உள்ளேயே பலர் தயங்கினர். ஆனால், காலம் காத்திருக்கவில்லை. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம், 1401இன் புரோகிராம்களை எளிதில் மாற்றித்தரும் வசதியோடு, தன் 200 என்ற பொறியை அறிவித்தது. அஞ்சியது கண்முன்னே நிகழ்ந்துவிட்டது.

பாப் எவான்ஸின் தலைமையில், பிரெடரிக் புரூக்ஸ், ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ் முதலியோர் வகுத்த முறை கருதத்தக்கது. புரோகிராம் எழுதுபவருக்குப் பொறி எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அவர்கள் ஒரு நியதியாக வரையறுத்தனர். அந்த நியதி எல்லாப் பொறிகளுக்கும் பொது. அதனை உள்ளே எவ்விதம் நிறைவேற்றுவது என்பதோ அந்தந்தப் பொறியைச் செய்பவரின் உரிமை. சிறிய பொறி ஒரு தடவைக்கு 8 பிட்டுகளைக் கையாண்டது. பெரிய பொறி 64 பிட்டுகளைக் கையாண்டது. வேகத்தில்தான் வேற்றுமை, கிடைக்கும் விடை ஒன்றே. அவ்வாறே நாடாப் பொறி, தட்டுப் பொறி, அச்சுப் பொறி ஆகிய துணைப்பொறிகள் யாவும் ஒரே வகையான இணைப்பின் வழியாகப் பொருந்தின. தூக்கின் விளிம்பு அளவு நிர்ணயமாகிவிட்டது.

1964 ஏப்ரல் 7ஆம் நாள், நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் இளையவர், சிஸ்டம் 360 என்னும் இக்குடும்பத்தை உலகுக்கு அறிவித்தார். ஒரே நாளில் ஆறு பொறிகளும், நாற்பதுக்கும் மேற்பட்ட துணைப்பொறிகளும் அறிவிக்கப்பெற்றன. இம்முயற்சிக்கான செலவு ஏறத்தாழ 500 கோடி டாலர் என்பர். பொறியைப் பகுத்தது போலப் புரோகிராம் எழுதும் வேலையைப் பகுப்பது எளிதாக இருக்கவில்லை. இயக்கப் புரோகிராம் குறித்த காலத்தில் முடியாமல் பெருந்தொல்லை தந்தது. அந்த அனுபவத்தைப் புரூக்ஸ் பின்னர் 1975இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆயினும் வாடிக்கையாளர் திரண்டு வந்தனர். சிறிய பொறியில் தொடங்கியவர், புரோகிராமை மாற்றாமலே பெரிய பொறிக்கு ஏறலாயினர். போட்டியிட்டவர்களுள் ஜெனரல் எலக்ட்ரிக் 1970இலும், ஆர்.சி.ஏ. 1971இலும் கணிப்பொறித் தொழிலையே கைவிட்டன. 1970இல் வந்த 370 வரிசையும் பழைய நியதியையே தழுவியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பெற்ற பொறி அவ்வரிசையைச் சார்ந்ததே.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தைக் காண்போம். இணைப்பின் அளவு தெரிந்தபின், அதற்கேற்ற துணைப்பொறியைப் பிறர் செய்வதற்குத் தடை ஏது? 1967இல் ஐ.பி.எம்.மின் கலிபோர்னியக் கூடத்திலிருந்து பன்னிரண்டு பேர் விலகித் தனி நிறுவனம் கண்டனர். மெமோரெக்ஸ், டெலெக்ஸ் போன்ற நிறுவனங்கள், ஐ.பி.எம். பொறியோடு அப்படியே பொருந்தும் தட்டுப் பொறிகளையும் நாடாப் பொறிகளையும் குறைந்த வாடகைக்குத் தந்தன. முழுக் கணிப்பொறியைச் செய்யும் சக்தி இவற்றுக்கு இல்லை, அது தேவைப்படவுமில்லை. ஓர் அடுக்கை மட்டும் நன்றாகச் செய்தால் போதுமன்றோ? ஐ.பி.எம். வாடகையைக் குறைத்தது; நீண்டகால ஒப்பந்தங்களுக்குச் சலுகை தந்தது. டெலெக்ஸ் நீதிமன்றத்தை நாடி 1973இல் வென்றது. 1975இல் மேல்முறையீட்டில் தோற்றது. பொறியின் நியதியை வகுத்தவருள் ஒருவரான ஆம்டாலே 1970இல் விலகி, 1975இல் ஐ.பி.எம். புரோகிராம்கள் ஓடும் பெரும் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தார். இதனிடையே 1969இல், அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் நிழலில், ஐ.பி.எம். புரோகிராம்களுக்குத் தனியே விலை வைத்தது. புரோகிராம் எழுதி விற்பது ஒரு தனித் தொழிலாக வளர அது வழிகோலிற்று.

இவ்வளவு அடி வாங்கியும் பெரும் பொறித் தொழிலில் ஐ.பி.எம். நிலைகுலையவில்லை. நியதியை மாற்றவும் வளர்க்கவும் வல்ல கை அதனிடமே இருந்தது. பிறர் அதன் அடியொற்றி வரவேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது 1981இல். சொந்த உபயோகத்துக்கான சிறு கணிப்பொறியை விரைந்து கொணர வேண்டி, ஐ.பி.எம். அதன் இதயமான சில்லை இன்டெல்லிடமும், இயக்கப் புரோகிராமை மைக்ரோசாஃப்ட்டிடமும் பெற்றது. இணைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது. ஐ.பி.எம்.முக்கே உரியதென எஞ்சியது ஒரு சிறு அடிப்படைப் புரோகிராம் மட்டுமே. 1982இல் தோன்றிய காம்பாக் நிறுவனம், அதனைப் பார்த்து எழுதாமல், அதன் செயலை மட்டும் அறிந்து புதிதாக எழுதிற்று; 1983இல் அதன் பொறி விற்பனைக்கு வந்தது. பின்னே பல நிறுவனங்கள் புறப்பட்டன. 1987இல் ஐ.பி.எம். புதிய இணைப்பொன்றைப் புகுத்தி, உரிமை கோரிப் பார்த்தது. மறு ஆண்டே ஒன்பது போட்டியாளர் கூடித் தமக்கெனப் பொது இணைப்பொன்றை அறிவித்தனர். விளிம்பின் அளவைக் குறிக்கும் அதிகாரம் கைமாறிவிட்டது. 2005இல் இச்சிறு பொறித் தொழிலைச் சீனத்தின் லெனோவோவுக்கு ஐ.பி.எம். விற்றுவிட்டது. பொறியைக் கோத்து விற்றவர்களுக்கு லாபம் மெலிந்தது. பிறர் எளிதில் செய்ய இயலாத கூறுகளை வைத்திருந்த இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் கொழித்தன.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பொறி கூறுகளாகவே பிரிக்கப்பட்டது. வேறுபட்டது ஒன்றே. முன்னதில் கூறுகளைச் சேர்க்கும் நியதியை ஐ.பி.எம். தன்னிடம் வைத்துக்கொண்டது, பின்னதில் கைநழுவ விட்டது. ஒரு பொருளைப் பகுத்துச் செய்ய முற்படும் தொழிலதிபர், எதைப் பிறருக்கு விடலாம், எதை விடலாகாது என்பதை முதல் நாளே தீர ஆராய வேண்டும். கதவைத் திறந்தபின் வருபவரை வேண்டாமென்று சொல்வது அரிது. திறந்த கதவினால் மக்களுக்குக் கிடைத்ததோ மலிவான பொறி. ஆகவே இழப்பு ஐ.பி.எம்.முக்கே அன்றி உலகுக்கு அன்று. சிறு பொறி கைவிட்டுப் போயினும், 1964இன் நியதிக்கேற்ப அன்று எழுதிய புரோகிராம்கள் பல, ஐ.பி.எம்.மின் இன்றைய பெரும் பொறிகளிலும் ஓடக்கூடியவையாக உள்ளன.