இரும்பைத் துரத்திய மாத்திரை

சிங்கப்பூர்த் தேக்காவின் பஃபலோ ரோட்டில் இன்று காய்கறியும் பூமாலையும் விற்கிறார்கள். ஒருகாலத்தில் இந்த வட்டாரத்தில் எருமைப் பட்டிகள் இருந்தன. எருமைப் பட்டியைக் குறிக்கும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரைச் சுமந்த மருத்துவமனை 1924இல் இலவச மகப்பேற்று மருத்துவமனையானது. 1966இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. 1997இல் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போய்விட, பழைய இடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம்.

இத்தனை பிரசவம் பார்த்த இடத்துக்குப் பரம்பரை நோய்கள் புதிதல்ல. பரம்பரை இரத்த நோயான தாலசீமியாவுக்கான தேசியப் பதிவகம் 1992இல் இங்கேதான் அமைந்தது. சிங்கப்பூரில் நூற்றில் சுமார் மூவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து.

நோய் கடுமையானால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடும். 1960களில் அந்த இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் என்ற மருந்து வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் வைத்து ராத்திரி முழுக்கச் செலுத்த வேண்டும், வாரத்தில் ஐந்து ராத்திரியாவது. பிள்ளைகள் பம்ப்பை வெறுத்ததில் வியப்பென்ன? விழுங்கும் மாத்திரையான டெஃபெரிப்ரோன் 1990களின் நடுவில் இந்தியாவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது, சிப்லா வழியாக. ஐரோப்பா 1999வரை காத்திருந்தது.

அந்த மாத்திரை மூளைக்குள்ளும் புகும். மூளையின் ஆழத்தில் இரும்பு சேரும் பிகேஏஎன் என்ற அரிய பரம்பரை நோயைக் கவனிப்பவர்கள் அதை நாடியது இதனால்தான். கைகால் முறுக்கிக்கொள்ளும், பேச்சு குழறும். எம்ஆர்ஐ படத்தில் புலிக்கண் போல ஒரு தடம் தெரியும். 1922இல் இந்த நோயை விவரித்த ஹாலர்வோர்டன், ஸ்பாட்ஸ் இருவரின் பெயரே நெடுங்காலம் நோய்க்கும் இருந்தது. நாஜிகள் கொன்றவர்களின் மூளைகளை ஹாலர்வோர்டன் ஆய்வுக்கு வாங்கியவர். அந்தப் பெயரைக் கைவிட்டது, தாமதமானாலும், நியாயமே. காரணமான மரபணு 2001இல் பிடிபட்டது.

88 நோயாளிகளைக் கொண்டு 18 மாதம் நடந்த டெஃபெரிப்ரோன் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. மூளையில் இரும்பு குறைந்தது. ஆனால் முறுக்கம் மோசமாவது உறுதியாகத் தடைப்பட்டதாகக் காட்ட முடியவில்லை. தாலசீமியாவில் இரும்பை எடுத்தால் இதயம் பிழைக்கிறது. இங்கே இரும்பு வேரா, வெறும் விளைவா என்பதே சந்தேகம். பழுதான மரபணு கெடுப்பது துணைநொதி ஏ தயாராகும் முதற்படியை, ஆகவே ஆய்வாளர்கள் அந்தப் பக்கமும் மருந்து தேடுகிறார்கள். நாலில் ஒரு பங்குக் கணக்கு இந்த நோய்க்கும் உண்டு. ஆனால் இவ்வளவு அரிதான ஒன்றுக்காக ஊரையே சோதிக்க முடியாது. பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு நோய் தெரிந்தபிறகுதான் குடும்பத்தாரின் மரபணுவைப் பார்க்கிறார்கள்.