மின்கோளாறும் மேஸ்திரியும்: பம்பாய்த் தமிழரின் எழுதப்படாத தொழிலறிவு பற்றிச் சில குறிப்புகள்

பம்பாய்த் தமிழர் வரலாறு பெரும்பாலும் புலம்பெயர்வு, சாதி, தோல் பதனிடும் தொழில், அரசியல் இயக்கங்கள் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. பழுது பார்க்கும் தொழில் அதில் ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. அத்தொழிலின் ஒரு சிறு கூறாகிய பழைய மோட்டார்சைக்கிள்களின் மின்கோளாறைக் கண்டறியும் அறிவை முன்வைத்து இப்பதிவை எழுதுகிறேன். ‘ஜுகாட்’ என்று மெச்சப்படும் ஒட்டுவேலையாக இதைப் பார்ப்பது பிழை. முறையான ஊகமும் சோதனையும் கொண்ட ஓர் அறிவாகவே இதைக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் வண்டிகளைப் பற்றி. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் படையினர் கழித்த பிஎஸ்ஏ, நார்ட்டன், மேட்ச்லெஸ் வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட் திருவொற்றியூரில் உருவாயிற்று. பம்பாயில் ஜாவா வண்டிகளை இறக்குமதி செய்துவந்த இரானி குடும்பத்தாரின் ஐடியல் ஜாவா 1961இல் மைசூரில் ஆலை திறந்தது. அதே ஆண்டு பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து சென்னை பாடியில் வாகன மின்கருவி உற்பத்திக்கு வழிசெய்தன. 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. ஆங்கிலேய வண்டிகளுக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது அரிதான இச்சூழலில், எது கெட்டது என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர் பெருமதிப்புப் பெற்றார். ஐயத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வசதி அன்று யாருக்கும் இல்லை.

இயந்திரக் கோளாறைக் காதாலும் கையாலும் அறியலாம். தேய்ந்த பேரிங் ஒலிக்கும், தளர்ந்த சங்கிலி தொங்கும். மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாதது. விளைவுகளை வைத்தே அதை ஊகிக்க வேண்டும். எனவே மேஸ்திரியின் முதல் வேலை வினா எழுப்புவது. விளக்கு எரிகிறது, எஞ்சின் உயிர்பெறவில்லையா? எஞ்சின் ஓடுகிறது, விளக்கு மட்டும் இல்லையா? இவ்விரண்டின் பொருளும் வண்டிக்கு வண்டி மாறும். மேக்னெட்டோ பொருத்திய பழைய ஆங்கிலேய வண்டியில் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. அங்கே விளக்கின் நிலையைக் கொண்டு தீப்பொறியைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஜாவாவில் தீப்பொறியும் பேட்டரியை நம்பியே பிறக்கிறது. மங்கிய விளக்கு அங்கே முக்கியச் சான்று. வண்டி எந்தக் காலத்தது, எந்த மரபில் வந்தது என்று தெரியாமல் கோளாறைத் தேடவே முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. வண்டி காலையில் உடனே கிளம்புகிறது. இருபது நிமிடம் ஓடியபின் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது. இதற்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் உண்டு. மேக்னெட்டோவின் சுருளிலோ கன்டென்ஸரிலோ காப்பு நலிந்திருந்தால், சூடேறியதும் கசிவு ஏற்பட்டுத் தீப்பொறி சாகும். பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் இறங்காது, நேரம் கழித்துக் காற்றுப் புகுந்ததும் இறங்கும். இரண்டையும் பிரித்தறிய வண்டி நின்ற அக்கணத்திலேயே சோதிக்க வேண்டும். மூடியைத் திறந்து உதைத்ததும் ஓடினால் மின்சாரத்தின்மேல் குற்றமில்லை. ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலைமேல் வைத்து உதைத்துப் பொறியின் நிறத்தைக் காண வேண்டும். நீலமாகத் தெறித்தால் நலம். மஞ்சளாக மெலிந்தாலோ வராவிட்டாலோ தேடல் மேக்னெட்டோவை நோக்கிச் செல்லும். கருதுகோள், மாற்றுக் கருதுகோள், இரண்டையும் பிரிக்கும் சோதனை: ஆய்வு நெறிமுறை வகுப்பில் நாம் கற்பிப்பதும் இதைத்தான்.

6 வோல்ட் அமைப்பின் கணக்கு இன்னொரு பாடம். 6 வோல்ட்டில் 35 வாட் முன்விளக்கு ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கிறது; 12 வோல்ட்டில் அதற்கு 3 ஆம்பியர் போதும். ஏதேனும் ஓர் இணைப்பில் 1 வோல்ட் தொலைந்தால் 6 வோல்ட் வண்டியில் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அதே இணைப்பு 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்தான் தின்னும்; கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. மும்பையின் கடற்காற்றும் நான்கு மாத மழையும் செம்புக் கம்பிமுனையில் பச்சைக் களிம்பை ஏற்றுகின்றன. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் செம்பின் களிம்பு, இங்கே முன்விளக்கை மறைக்கிறது. லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று ஆங்கிலேயர் வைத்த கேலிப்பெயரின் ஒரு பகுதியேனும் இந்த 6 வோல்ட் கணக்குக்கு உரியது.

திரும்பும் பாதை இன்னும் நுட்பமானது. வண்டியின் இரும்புச் சட்டகமே ஒரு கம்பியாகச் செயல்படுகிறது. பட்டறையில் அதற்கு ‘எர்த்’ என்று பெயர். புதுவண்ணம் பூசி மெருகேற்றிய பழைய வண்டியில் விளக்குகள் எரியாமல் போவதற்கு, அந்த வண்ணமே எர்த்தைத் தடுப்பது அடிக்கடி காரணமாகும். போருக்குப் பிந்தைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை சட்டகத்தோடு இணைந்திருக்கும். 1984 முதல் இந்தியாவில் உருவான ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புகளில் எதிர்முனை எர்த் ஆயிற்று. புதிய பழக்கத்தில் பழைய வண்டிக்குப் பேட்டரி மாட்டினால் ரெக்டிஃபையர் எரியும். நிறம் மாறிய கம்பி, இடையில் ஒட்டிய துண்டு, பிற்காலத்து டயோடு என ஒவ்வொரு கைமாற்றமும் வண்டியில் தடம் விட்டிருக்கும். அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பவர், ஒரு சுவடியின் படிநிலைகளைப் பிரிக்கும் பதிப்பாசிரியர் செய்யும் வேலையையே செய்கிறார்.

இவ்வறிவு எங்கே கற்பிக்கப்பட்டது? மாட்டுங்காவிலும் அதை ஒட்டிய தாராவியிலும் மூன்று வகைத் தொழிற்கல்வி அருகருகே இருந்துள்ளது. 1887இல் தோன்றி 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று. அதற்குப் பாடத்திட்டமும் பட்டயமும் உண்டு. 1915இல் அமைந்த மாட்டுங்கா ரயில் பட்டறை இரண்டாவது; அதற்குப் பணிப்பதிவேடு உண்டு. மூன்றாவது, தாராவியின் தகரக் கொட்டகைகள். அங்கே பையன் முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், பிறகு பாயிண்ட் தேய்ப்பான், கடைசியில்தான் வயரிங்கில் கைவைப்பான். முதலிரண்டும் ஆவணக் காப்பகத்தில் தடம் விட்டுள்ளன, மூன்றாவது விடவில்லை. இந்த வேறுபாட்டை அறிவின் தரவேறுபாடாகக் கொள்ள நியாயமில்லை. யாருக்கு வகுப்பறை வாய்த்தது, யாருக்குப் பட்டறை மட்டும் வாய்த்தது என்பதில் வர்க்கத்துக்கும் சாதிக்கும் பங்குண்டு. தமிழின் ‘மேஸ்திரி’யும் பம்பாயின் ‘மிஸ்திரி’யும் போர்த்துகீசிய ‘மெஸ்த்ரெ’யிலிருந்து வந்தவை என்பர், அச்சொல்லுக்கு ஆசிரியர் என்ற பொருளும் உண்டு.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகச் சுருக்காமல், பயன்பாடும் பராமரிப்பும் சேர்த்து எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் வலியுறுத்தினார். மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை வழியாக இந்திய நவீனத்துவத்தை டேவிட் அர்னால்ட் 2013இல் ஆராய்ந்தார். நகலி இயந்திரப் பணியாளர்கள் கதைகளாகவே தம் அறிவைப் பரிமாறுகிறார்கள் என்று ஜூலியன் ஆர் காட்டினார். “எவ்வளவு தூரம் ஓடியபின் நிற்கிறது?” என்று கேட்டு வண்டிக்காரரின் வாய்மொழியிலிருந்து கோளாறைக் கணிக்கும் மேஸ்திரிக்கு இம்மூவரின் ஆய்விலும் இடமுண்டு. தமிழில் நாம்தான் அவரை இன்னும் எழுதவில்லை.

இதில் அவசரமும் உள்ளது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் 2022 நவம்பரில் முடிவானது. வீடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் குடியிருப்பில், வீட்டுக்கு ஈடாக வீடு கிடைத்தாலும் பட்டறையின் இருப்பு தனிக் கேள்வியாகவே நிற்கிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகைநெறி, புதிய வண்டிகளை மின்னணுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. பிழைக்குறியீட்டைக் கருவியே காட்டுகிறது. பாயிண்ட் இடைவெளியைக் கண்ணால் அளந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வண்டியில் கற்றீர்கள், யாரிடம் கற்றீர்கள், கோளாறு தெரியாதபோது முதலில் எதைச் சோதிப்பீர்கள், ஏன் அதை முதலில் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வரிசையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களின் அறிவு அந்த வரிசையில்தான் இருக்கிறது. இத்துறையில் முன்பே தரவு சேகரித்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.