கடல் நேர்ச்சையும் காலிக் கல்வெட்டும்

காவிரிப் படுகை மக்கள், நேர்ந்துகொண்டதைச் செலுத்துதலை ‘நேர்த்திக்கடன்’ என்பர்; அருள் பெற்றபின் தீர்க்கவேண்டிய கடன் அது. 1911-இல் இலங்கைக் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை இச்சொல்லின் துணைகொண்டு ஆராய்வாம்.

1409-ஆம் ஆண்டுக்குரிய இக்கல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ வாயிலாக நிறுவப்பெற்றது. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேனாவரை நாயினார் எனும் திருமாலையும், பாரசீகப்பகுதி அல்லாவையும் போற்றி, ஏறத்தாழ ஒத்த காணிக்கைகளைக் கூறும். இதனை அரசியல் உத்தி என்று மட்டும் கொள்வாரும் உளர். ஆயின், கலங்கள் இடரின்றிச் சென்று மீண்டமைக்கு நன்றியாகவே அவை அளிக்கப்பெற்றன என்று சீனப்பகுதி மொழிகின்றது.

செங் ஹோவும் உடன்சென்றோரும் 1431-இல் சீனத்துச் சாங்லேயில் நிறுவிய கல்வெட்டும் இவ்வாறே நன்றி நவில்கின்றது. தாவோ நெறியார் வழிபடும் கடலன்னை தியென்பெய்யைப் புயலிடை அழைத்தபோது பாய்மரத்தில் ஒளி தோன்றியதாம்.

அவ்வன்னையின் வேறொரு பெயரால் வழங்குவதாகக் கருதப்பெறும் மக்காவுத் துறையினின்று வந்த போர்த்துக்கேய மாலுமிகள், புயலில் நேர்ந்தவாறே வேளாங்கண்ணியில் கோயில் எடுத்து, பின்னர்ச் சீனப் பீங்கான் தட்டுகளையும் பீடத்திற் பதித்தனர் என்பது மரபு.

தெய்வம் வேறாயினும் கடன் ஒன்றே. ஆதலின் காலிக் கல்லை நேர்த்திக்கடன் ஆவணமாகவும் கொள்ளுதல் பொருந்தும் என்பது எம் துணிபு.